600 பாக்கெட் முறுக்கு: எடுக்கவா, விடவா?

கேள்வி: 11 செப்டம்பர் 2025, இரவு 9.15

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அரைக் கடையை வாடகைக்கு எடுத்து முறுக்கு சுட்டு விற்கிறேன். மாதம் ஏறக்குறைய 1,000 பாக்கெட் போகும். பாக்கெட் 8 வெள்ளி (ரிங்கிட்). ஈப்போவில் ஓர் அலுவலகத்தில், தீபாவளிக்கு வேலையாட்களுக்குக் கொடுக்க 600 பாக்கெட் கேட்கிறார்கள். 4 வெள்ளி 80 காசுக்கு மேல் தர மாட்டார்களாம். அவர்களே வந்து ஏற்றிக்கொள்வார்கள். என் தம்பி கணக்கியல் டிப்ளோமா படிக்கிறான். அவன் போட்ட கணக்கு இது: மாவு, எண்ணெய், மசாலா 2.10, பாக்கெட் 0.40, கேஸ் 0.20, இரண்டு அக்காமார் சம்பளம் 1.50, வாடகை 0.80, மிஷின் தேய்மானம் 0.45, டெலிவரி 0.35. மொத்தம் 5.80. "பாக்கெட்டுக்கு ஒரு வெள்ளி நஷ்டம்க்கா, 600 வெள்ளி போயிரும், வேண்டாம்" என்கிறான். எனக்கு விட மனசில்லை. யாராவது சொல்லுங்கள்.

பதில்: 12 செப்டம்பர் 2025, காலை 6.50

எடு.

தம்பி கூட்டியது சரி. ஆனால் அவன் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. ஒரு பாக்கெட் முறுக்கு சுட எவ்வளவு ஆகிறது என்று அவன் பார்த்திருக்கிறான். நீ பார்க்க வேண்டியது, இந்த ஆர்டரை எடுத்தால் கூடுதலாக என்ன போகும், கூடுதலாக என்ன வரும் என்று. வாடகை 800 வெள்ளி எப்படியும் போகும். அக்காமாருக்கு மாதச் சம்பளம், அதுவும் போகும். தேய்மானம் யார் கையிலும் கொடுக்கிற காசு இல்லை, புத்தகத்தில் எழுதுகிற எழுத்து. டெலிவரி அவர்கள் பாடு. மிச்சம் இருப்பது மாவு எண்ணெய் மசாலா, பாக்கெட், கேஸ்: 2.70. விலை 4.80. ஒரு பாக்கெட்டுக்கு 2.10 கையில் நிற்கும். 600க்கு 1,260 வெள்ளி. நஷ்டம் 600 என்று சொன்னது லாபம் 1,260 ஆகிவிட்டது.

பாடத்தில் இதற்குப் பெயர் தொடர்புடைய செலவு. மூன்று சோதனை: இனிமேல் நடக்கப்போவதாக இருக்க வேண்டும், காசாகக் கைமாற வேண்டும், இந்த முடிவால் மாற வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தள்ளிவிடு.

12 செப்டம்பர் 2025, மதியம் 1.20

தம்பியைத் திட்டாதே. அவனுடைய 5.80 முழுச் செலவு. வருஷக் கணக்கு முடிக்க, கடை மொத்தத்தில் நிற்கிறதா என்று பார்க்க அது வேண்டும். ஆனால் அந்த எண் ஒரு இடத்தில் நிற்காது. சம்பளம், வாடகை, தேய்மானம் மூன்றும் சேர்ந்து மாதம் 2,750. 1,000 பாக்கெட் சுட்டால் ஒன்றுக்கு 2.75. 1,600 சுட்டால் அதே 2,750, ஒன்றுக்கு 1.72. முறுக்கு மாறவில்லை, அக்காமார் மாறவில்லை, வகுக்கிற எண்தான் மாறியது. ஜான் மாரிஸ் கிளார்க் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1923-லேயே இதைச் சொல்லிவிட்டார்: நோக்கம் வேறானால் செலவும் வேறு. நூறு வருஷம் ஆகிறது. இன்னும் எல்லாரும் "அடக்க விலை" என்று ஒன்றே ஒன்று இருப்பதுபோலத்தான் பேசுகிறோம்.

14 செப்டம்பர் 2025, இரவு 11.05

என் முதல் பதில் தப்பு. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

கேள்வி கேட்ட தங்கச்சி நேற்று எழுதியதைப் பார்த்தீர்களா? அக்காமார் இருவரும் அரை நாள், நான்கு மணி நேரம். ஒரு எண்ணெய்ச் சட்டி. மணிக்கு 16 பாக்கெட் வருமாம். ஒரு நாளைக்கு 64, 22 நாளைக்கு ஏறக்குறைய 1,400. சாதாரண மாதத்தில் 400 பாக்கெட்டுக்கு இடம் சும்மா கிடக்கிறது. ஆனால் ஆர்டர் வருவது தீபாவளி மாதத்தில். அவளுடைய வழக்கமான ஆட்களே அப்போது 1,100 வாங்குவார்கள். அப்படியானால் சும்மா கிடப்பது 300 மட்டும். 600 எடுத்தால் வழக்கமான ஆட்களில் 300 பாக்கெட்டுக்கு "இல்லை" சொல்ல வேண்டும்.

அந்த 300-இல் ஒவ்வொன்றும் 8 வெள்ளிக்குப் போயிருக்கும். 2.70-உம் டெலிவரி 0.35-உம் கழித்தால் 4.95 நின்றிருக்கும். 300 × 4.95 = 1,485.

1,260 வந்து 1,485 போனால் 225 வெள்ளி நஷ்டம். தம்பி சொன்ன முடிவே சரி, வேறு காரணத்துக்காக. இந்த 1,485 எந்தப் பில்லிலும் வராது, யாரும் ரசீது தர மாட்டார்கள். கைவிட்ட வருமானம், வாய்ப்புச் செலவு. நான் ஆர்டரை மட்டும் பார்த்தேன், சட்டியைப் பார்க்கவில்லை. 22 வருஷம் தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவன் இதைக் கேட்காமல் "எடு" என்று ஒரே வார்த்தையில் எழுதினேன். காலை 6.50, டீ குடிக்கவில்லை.

16 செப்டம்பர் 2025, காலை 10.30

லீவு நாள், சாவகாசமாக எழுதுகிறேன்.

எடு, விடு என்று இரண்டே வழியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மூன்றாவது வழி, அக்காமார் மாலையிலும் நின்று சுடுவது. கேட்டுப் பார்த்தாளாம். மணிக்கு ஆளுக்கு 13 வெள்ளி கேட்கிறார்கள். தீபாவளி நேரம், அவர்கள் வீட்டிலும் வேலை இருக்கும், நியாயமான கூலிதான். 300 பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 19 மணி நேரம். இரண்டு பேர், 13 வெள்ளி: 494.

1,260-இல் 494 போக 766 நிற்கும். வழக்கமான ஆட்களையும் விரட்ட வேண்டாம். இப்போது மறுபடி "எடு".

ஒன்று கவனி. காலைச் சம்பளம் 1,500 இந்த முடிவுக்குச் செலவே இல்லை. அதே இரண்டு பேர், அதே சட்டி, மாலை நான்கு மணிக்கு மேல் முழுச் செலவு. கூலி தொடர்புடையதா இல்லையா என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு போனால் பரீட்சையில் பாதி மதிப்பெண் போய்விடும். ஆள் சும்மா இருந்தால் பூஜ்யம். கூடுதலாகக் கூப்பிட்டால் கொடுக்கிற கூலி. வேறு வேலையிலிருந்து இழுத்தால் கூலியோடு அந்த வேலையில் விட்ட லாபமும் சேரும்.

16 செப்டம்பர் 2025, காலை 11.40

அதிரசம் பற்றிக் கேட்டிருந்தாயே. "பாக்கெட்டுக்கு 6 வெள்ளி நிற்கிறது அண்ணே, முறுக்கைக் குறைத்து அதிரசம் சுடவா" என்று. ஒரு மணி நேரத்தில் எத்தனை அதிரசப் பாக்கெட் வரும்? எட்டு என்கிறாய். 6 × 8 = 48. முறுக்கு 4.95 × 16 = 79.20. உன்னிடம் குறைவாக இருப்பது மாவும் அல்ல, வாங்க வருகிற ஆளும் அல்ல, சட்டி எரிகிற மணி நேரம். எது குறைவோ அதில் ஒரு அளவுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார். முறுக்கை விடாதே. ஐந்து பாக்கெட் அதிரசம் எனக்குத் தனியாகச் சுட்டு வை, அதற்குச் செலவுக் கணக்கு கேட்க மாட்டேன்.

17 செப்டம்பர் 2025, இரவு 8.55

"16,200 வெள்ளி கொடுத்து மிஷின் வாங்கியிருக்கிறாள், அந்தக் காசை எப்போது எடுப்பாள்? அதை எப்படி ஐயா கணக்கில் சேர்க்காமல் விடுகிறீர்கள்?" என்று கோபமாக ஒரு பதிவு. கோபப்படுங்கள், ஆனால் அந்தக் காசு போய்விட்டது. ஆர்டரை எடுத்தாலும் வராது, விட்டாலும் வராது. மூழ்கிய செலவு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

இதை இவ்வளவு தைரியமாக எழுதுகிறேனே, நான் என்ன செய்தேன் தெரியுமா? நாளை எழுதுகிறேன். லாரிக் கதை.

18 செப்டம்பர் 2025, இரவு 10.10

2011. தோட்ட வேலையை விட்ட கையோடு 48,000 வெள்ளிக்குப் பழைய லாரி ஒன்று வாங்கினேன். சின்னத் தோட்டக்காரர்களின் செம்பனை (எண்ணெய்ப்பனை) பழக்குலையை ஆலைக்கு ஏற்றிப்போகிற வேலை. பழம் வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலையைக் குறைப்பார்கள். அதனால் லாரி நின்றால் தோட்டக்காரர் போன் செய்து கத்துவார். ஆறாவது மாதம் கியர்பெட்டி போனது. 9,000. மாற்றினேன். அடுத்த வருஷம் என்ஜின். பட்டறைக்காரர் 14,000 என்றார். என்ஜின் செத்து நிற்கிற லாரியை அப்படியே 22,000-க்குக் கேட்டு ஒருவர் வந்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேப்பரின் தலையில் பெரிதாக எழுதியது 57,000. "இவ்வளவு போட்டாச்சு, 22,000-க்கு விடுவதா?" அதற்குக் கீழே எதை எழுதினாலும் அந்த எண் மேலேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மனைவி வந்து எட்டிப் பார்த்து, "அந்த 57-ஐ அடிச்சிட்டுப் போடுங்க" என்றாள். அவள் கணக்குப் படித்தவள் இல்லை. நான் அடிக்கவில்லை.

அடித்துவிட்டுப் போட்டிருந்தால் இப்படி வந்திருக்கும். வைத்துக்கொண்டால் 14,000 கையிலிருந்து போகும், 22,000 கைக்கு வராது: 36,000. பதிலுக்கு, டீசல், டிரைவர் சம்பளம், சாலைவரி எல்லாம் போக மாதம் 1,200 மிஞ்சும், இரண்டு வருஷத்தில் 28,800. கடைசியில் இரும்பு விலைக்கு 5,000. மொத்தம் 33,800. எல்லாம் நல்லபடியாக ஓடினால்கூட 2,200 குறைவு. எல்லாம் நல்லபடியாக ஓடவும் இல்லை. என்ஜின் மாற்றி ஒன்பதாவது மாதம் பின் ஆக்ஸில். லாரியை எடைக்குப் போட்டேன்.

எனக்கு வலித்தது லாரி இல்லை. ஆபீசில் இருக்கும்போது துரைக்கு (தோட்ட மேலாளருக்கு) இதே கணக்கை டிராக்டருக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். மற்றவன் காசு என்றால் அடித்துவிட வருகிறது.

19 செப்டம்பர் 2025, காலை 7.30

லாரிக்காரன் நான் தனி ஆள் இல்லை. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கட்டிய கான்கார்டு விமானம் வியாபாரமாக எடுபடாது என்று தெரிந்த பிறகும், போட்டது வீணாகிவிடுமே என்று பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்தக் குணத்துக்குக் கான்கார்டு பிழை என்றே பெயர் வந்துவிட்டது. இரண்டு அரசாங்கம் செய்ததை நான் ஒரு லாரியில் செய்தேன்.

அமெரிக்காவில் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவரின் ஆய்வு 1985-இல் வந்தது. ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை 15 டாலர், சிலருக்கு 2 டாலர் தள்ளுபடி, சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகத்துக்குப் போனார்கள். கல்யாண வீட்டில் மொய் அதிகம் எழுதியவர் கூடுதலாக ஒரு வடை கேட்பதை நாம் பார்த்ததே இல்லையா?

19 செப்டம்பர் 2025, இரவு 9.45

திருத்தம். ஒரு தணிக்கையாளர் எழுதியிருக்கிறார்: பழைய மிஷினை விற்கும்போது வருமான வரியில் மீதிக் கழிவு (மிஷின் விலையில் இன்னும் கழிக்காமல் கிடப்பதற்கான கழிவு) கிடைக்கலாம், அதனால் குறைகிற வரி நாளைய காசு, அதைச் சேர்க்க வேண்டும் என்று. சரி. வாங்கிய விலை சேராது, அதனால் இனி மாறுகிற வரி சேரும். லாரிக் கணக்கில் அதையும் நான் விட்டுவிட்டேன். இப்போது திரும்பிப் போட்டுப் பார்க்க மனசு வரவில்லை.

21 செப்டம்பர் 2025, மாலை 5.15

தங்கச்சி பெட்டியைத் திறந்து பார்த்ததில் பழைய பாக்கெட் 700 இருக்கிறதாம். போன வருஷம் அச்சடித்தது. போன் நம்பரில் ஓர் எண் தப்பு, கடையில் விற்க முடியாது. அலுவலகத்தார் தங்கள் ஸ்டிக்கரை மேலே ஒட்டிக்கொள்வார்களாம், நம்பர் மறைந்துவிடும். அப்படியானால் பாக்கெட்டுக்கு 0.40 என்று எழுதியது தப்பு. வேறெதற்கும் உதவாத பொருள், விற்றாலும் காசு இல்லை. செலவு பூஜ்யம். 240 வெள்ளி கூடுகிறது: 766 ஆனது 1,006.

உடனே தம்பி (இப்போது அவனும் இங்கே எழுத ஆரம்பித்துவிட்டான், வா தம்பி) "அப்படின்னா எண்ணெயும் ஏற்கெனவே வாங்கி வச்சதுதானே, அதுவும் பூஜ்யமா?" என்கிறான். இல்லை. எண்ணெய் தினமும் புழங்குகிற சாமான். இந்த ஆர்டருக்கு ஊற்றினால் அதற்குப் பதில் வேறு டின் வாங்கியே ஆக வேண்டும். அதனால் இன்றைக்குக் கடையில் என்ன விலையோ அதுதான் கணக்கு, போன மாதம் கொடுத்த விலை இல்லை. எண்ணெயும் உளுந்தும் ஏறி இப்போது 2.10 இல்லை, 2.25 ஆகிறதாம். 600 பாக்கெட்டுக்கு 90 வெள்ளி கூடுதல். 1,006 போய் 916.

ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு சாமான். ஒன்றுக்குப் பூஜ்யம், இன்னொன்றுக்கு வாங்கிய விலையைவிட அதிகம். இது புரிந்தால் தம்பி பாஸ்.

24 செப்டம்பர் 2025, இரவு 11.30

தூக்கம் வரவில்லை. தோட்ட டிவிஷன் (பிரிவு) கதையை எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் நான் இருந்த தோட்டத்தில் மூன்று டிவிஷன். மூன்றாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய ரப்பர். ஒரு மாதக் கணக்கு இன்னும் மனதில் இருக்கிறது, நான்தான் தட்டெழுத்தில் அடித்தேன்: வருமானம் 92,000, நேரடிச் செலவு 78,000, தலைமை அலுவலகச் செலவில் பங்கு 21,000. நஷ்டம் 7,000, அதை மட்டும் சிவப்பு ரிப்பனில். "மாதம் 7,000 தின்கிற டிவிஷன்" என்று பெயர் வந்துவிட்டது. மூடினார்கள்.

மூடிய மறுமாதம் தலைமை அலுவலகச் செலவு 21,000 குறைந்ததா? ஒரு வெள்ளி குறையவில்லை. அந்த 21,000-ஐ மற்ற இரண்டு டிவிஷன் தலையில் பிரித்து அடித்தேன். போனது என்னவென்றால் 92,000-க்கும் 78,000-க்கும் நடுவில் இருந்த 14,000. 7,000 நஷ்டத்தை நிறுத்தப்போய் 14,000-ஐ விட்டார்கள். அடுத்த வருஷம் இரண்டாவது டிவிஷன் கணக்கிலும் சிவப்பு. மெயின் கிராணி (தலைமை எழுத்தர்) அதைப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா கடைசியில ஆபீஸ் மட்டும்தான் இருக்கும், நாம ரெண்டு பேரும் பால்மரம் வெட்டணும்" (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கணும்) என்றார். சிரித்தோம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் 31 வீடு. செக்ரோல் (ஆள் பதிவு) புத்தகத்தில் கடைசிப் பெயருக்குக் கீழே கோடு போட்டது நான். ஆயாக்கொட்டகைக்கு (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்கு) வாங்கிய ஆறு தொட்டில் ஸ்டோரில் வந்து கிடந்தது, அதற்கும் ஒரு பதிவு எழுதினேன்: தொட்டில், 6, உபயோகமில்லை.

25 செப்டம்பர் 2025, காலை 6.20

ராத்திரி கோபத்தில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். நிலம். பழைய ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டால் ஏறக்குறைய மூன்று வருஷத்தில் முதல் வெட்டு, அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் காய்க்கும். அந்த நிலம் வேறு விதத்தில் சம்பாதித்திருக்கக்கூடியது ரப்பருக்கு வாய்ப்புச் செலவு. பால்மரம் வெட்ட ஆள் கிடைப்பதும் அப்போது கஷ்டம். ஆகவே மூடியது சரியாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு அங்கே செம்பனைதான் நின்றது. ஆனால் நான் அடித்த தாளில் செம்பனை என்ற வார்த்தை இல்லை. அதில் இருந்தது 7,000 மட்டும். அந்த 7,000-ஐக் காட்டித்தான் பெரட்டில் (காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற இடத்தில்) நிறுத்திச் சொன்னார்கள்.

28 செப்டம்பர் 2025, இரவு 9.00

முறுக்குக்கு வருகிறேன். மாவை யார் பிசைகிறார்கள்?

அம்மா என்கிறாய். "அம்மாவுக்குச் சம்பளம் இல்லை அண்ணே, அதனால் எழுதவில்லை." தம்பியின் கணக்கில் அம்மா இல்லை, என் கணக்கிலும் இல்லை. இரண்டு வாரமாக ஆளுக்கு ஆள் கூட்டிக் கழித்து, 1,260, 766, 1,006, 916 என்று எழுதிக்கொண்டிருக்கிறோம், பிசைகிறவரை ஒருவரும் கேட்கவில்லை.

தீபாவளி நேரத்தில் அம்மா பிளவுஸ் தைப்பாராம், ஒன்றுக்கு 30 வெள்ளி. இந்த ஆர்டருக்குக் கூடுதல் மாவு பிசைந்தால் எட்டு பிளவுஸ் தைக்க முடியாது. 240 வெள்ளி. 916-இல் போக 676. சம்பளம் கொடுக்காவிட்டால் செலவு இல்லை என்று நினைக்கிறோம். நினைக்கிறோம் என்ன, என் மனைவி லாரிக்கு டிபன் கட்டிக்கொடுத்த இரண்டு வருஷத்தை நான் எதில் எழுதினேன்?

பிசைகிற அம்மாவின் மணிக்கட்டு வலிக்கு எண் போடத் தெரியவில்லை. அதைத் தனியாக ஒரு வரியில் எழுதி வை, கூட்டாதே, ஆனால் தாளில் இருக்கட்டும்.

30 செப்டம்பர் 2025, இரவு 10.20

"இப்படி எல்லா ஆர்டரையும் 2.70-க்கு மேல் வந்தால் போதும் என்று எடுத்தால் வாடகையை யார் கட்டுவது?" என்று கேட்டவருக்கு. யாரும் கட்ட மாட்டார்கள், கடை மூடும். இந்தக் கணக்கு ஒரு தடவைக்கு, சும்மா கிடக்கிற இடத்துக்கு. வழக்கமான விலை முழுச் செலவையும் தாங்கித்தான் ஆக வேண்டும்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்த்திருப்பீர்கள். ராத்திரி பத்தரை மணிக்குக் குயே (மலாய்ப் பலகாரம்) விற்கிற மக்சிக் (மலாய் அம்மா) மூன்று வெள்ளிப் பலகாரத்தை ஒரு வெள்ளிக்குத் தள்ளுவார். சரியான கணக்கு, நாளைக்குக் கெட்டுப்போகும், ஒரு வெள்ளி வந்தால் ஒரு வெள்ளி லாபம். எங்கள் தாமான் (குடியிருப்பு) ஆட்கள் இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏழு மணிக்கு வந்து கொண்டிருந்தவர்கள் பத்தரைக்கு வர ஆரம்பித்தார்கள், நானும்தான். இப்போது அவர் பத்து மணிக்கே மூடிவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட், வேறு ஊர், பண்டிகைக்கு ஒரு தடவை. இந்த வேலி இருக்கிற வரைக்கும் 4.80 உன் 8 வெள்ளியைத் தொடாது. சுங்கை சிப்புட் மளிகைக் கடையில் யாராவது 4.80-க்குக் கேட்டால் கொடுக்காதே.

1 அக்டோபர் 2025, மதியம் 12.45

எடுத்துவிட்டாளாம். சரி.

2 நவம்பர் 2025, மாலை 4.30

கணக்கு வந்திருக்கிறது, நானே கேட்டு வாங்கினேன். கூடுதல் நேரம் 19 மணி என்று போட்டோம், ஆனது 27. ஓர் அக்காவுக்கு நடுவில் காய்ச்சல், பதிலுக்கு வந்த பிள்ளைக்குக் கை பழகவில்லை. 27 × 2 × 13 = 702. நாங்கள் போட்டதைவிட 208 அதிகம். 676 போய் 468 நின்றது. பிளவுஸ் எட்டு என்று நினைத்தது எட்டேதான். தம்பி "முன்னாடியே நஷ்டம்னு சொன்னேன்ல" என்கிறான். 468 நஷ்டமா தம்பி? டிப்ளோமாவில் இதைச் சொல்லாதே.

9 நவம்பர் 2025, இரவு 8.40

அதே அலுவலகம். பிப்ரவரி 1 தைப்பூசத்துக்கு 300 பாக்கெட் வேண்டுமாம், "அதே விலைதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்பார்கள் என்று தெரியும்.

பழைய தாளை எடுக்காதே, புதுத் தாள். ஜனவரியில் 400 பாக்கெட்டுக்கு இடம் சும்மா இருக்கும், மாலை வேலை வேண்டாம். மாவு எண்ணெய் கேஸ் 2.45, 300-க்கு 735. தப்பு நம்பர் பாக்கெட் 100 மிச்சம், அது பூஜ்யம். மீதி 200-க்கு 80. ஆக 815, ஒன்றுக்கு 2 வெள்ளி 72 காசு. அதற்குக் கீழே போனால் கைக்காசு போகும். இந்த எண்ணை அவர்களிடம் சொல்லாதே, தம்பியிடமும் சொல்லாதே, அவன் போனில் சத்தமாகப் பேசுகிறான். 5.80-இல் ஆரம்பி. தைப்பூசத்துக்கு அம்மா தைக்கிறாரா என்று முதலில் கேள்.

மாவு பிசைகிற மிஷின் வாங்கவா என்று கேட்டிருக்கிறாய். அது இந்தக் கணக்கு இல்லை, ஐந்தாறு வருஷக் கணக்கு. தனியாகக் கேள், விலைச்சீட்டைப் படம் எடுத்துப் போடு. அதிரசம் கிடைத்தது. ஐந்து கேட்டேன், நான்குதான் இருந்தது.